கிணற்றை மறைத்த விருந்து

2003 ஜூலை, ஒரு திங்கட்கிழமை, அதிகாலை ஐந்தரை. சென்னை ரயில் வழக்கத்துக்கு மாறாக நேரத்துக்கு வந்துவிட்டதால், விருந்தாளியை வரவேற்க வேண்டிய நான் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். திண்டுக்கல் சந்திப்பின் நடைமேடையில் தெஸ்ஃபாய் தன் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். ஆறடி உயரம், தோளில் வெள்ளைச் சால்வை, கையில் காகிதக் கோப்பை. கௌரவமான தூரத்தில் நாலைந்து பேர் நின்று அவர் அதைக் குடிப்பாரா மாட்டாரா என்று கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

“இது காபியா?” என்றார் என்னைக் கண்டதும்.

“அப்படிச் சொல்லித்தான் விற்கிறார்கள்.”

காபிச் செடி பிறந்த நாட்டுக்காரர். மேற்கொண்டு ஒன்றும் சொல்லாமல் மிச்சத்தையும் குடித்துமுடித்தார். கொடுத்ததை மீதம் வைக்காத மனிதர். இந்தக் குணம் மறுநாள் எங்கள் இருவரையும் என்ன பாடு படுத்தப்போகிறது என்று அப்போது தெரியாது.

அவர் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எத்தியோப்பியாவின் வடக்கே ஆக்சும் என்றொரு பழைய ஊர். அங்கே ஒரு கல்லூரியில் நான் ஐந்து வருஷமாக வரலாறு கற்பிக்கிறேன். அதாவது, அவர்கள் ஊர்க் கதையை அவர்கள் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுக்கத் திண்டுக்கல்லிலிருந்து போயிருக்கிறேன். தெஸ்ஃபாய் அதே துறை, பக்கத்து நாற்காலி. மேற்படிப்புக்கு விசாகப்பட்டினத்தில் இடம் கிடைத்து இந்தியா வந்திருந்தார். அங்கே போய்ச் சேர ஒரு வாரம் இருந்தது. நானும் விடுமுறைக்கு ஊரில் இருந்ததால் என்னைப் பார்க்க வந்துவிட்டார்.

நாங்கள் பேசிக்கொள்வது ஆங்கிலம். இருவருக்கும் அது இரவல் என்பதால் ஒருவர் இலக்கணத்தை ஒருவர் குறை சொல்வதில்லை. இங்கே தமிழில் எழுதுகிறேன். அதனால் இருவருமே கொஞ்சம் அறிவாளிகளாகத் தெரிந்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அவர் வந்த காரணத்தில் என் வாய்க்கும் பங்குண்டு. ஆக்சுமில் நான் வேலையில் சேர்ந்த முதல் நாளே அவர் என்னை ஊர்க்கோடியில் இருந்த கல்தூண்களைப் பார்க்க அழைத்துப்போனார். அரசர்களின் கல்லறைகள்மேல் நிறுத்திய ஒற்றைக்கல் தூண்கள். ஒன்று நிற்கிறது. எல்லாவற்றிலும் பெரியது உடைந்து கிடக்கிறது. இன்னொன்றை இத்தாலிக்காரர்கள் ரோமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். காட்டி முடித்துவிட்டுக் கேட்டார்: “உங்கள் ஊரில் என்ன இருக்கிறது?”

“பூட்டு” என்றேன்.

மீதியையும் சொல்வேன் என்று மரியாதையாகக் காத்திருந்தார். “பிரியாணி” என்றேன்.

அன்றிலிருந்து அந்தப் பதில் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் மாலை தாங்காமல் சொல்லிவிட்டேன்: “எங்கள் ஊர் மண்ணுக்கடியில் தாழிகள் இருக்கின்றன. செத்தவர்களை வைத்துப் புதைத்த பெரும்பானைகள். உங்கள் தூண்களைவிடப் பழையவை.” எங்கே என்று கேட்டார். “எல்லா இடத்திலும்” என்றேன். வரலாற்று ஆசிரியனுக்கு முகவரி தெரியாதபோது கைகொடுக்கும் சொல் அது.

முகவரி இந்த விடுமுறையில் தானாக வந்தது. அடுப்படியில் என் மனைவி போகிறபோக்கில் சொன்னாள்: “சவரி தோட்டத்துல கெணறு வெட்டுறாங்களாம். பானை பானையா வருதாம்.” சவரிமுத்து அவளுடைய பெரியப்பா மகன், எனக்கு மைத்துனன். சாணார்பட்டிப் பக்கம் மல்லிகை போட்டிருக்கிறான். செய்தி உடனே தெஸ்ஃபாய்க்குப் போயிற்று. மேற்படிப்பில் இரு நாட்டுப் புதைகுழிகளையும் ஒப்பிட்டு ஆராய்வதுதான் அவர் உத்தேசம். கண்ணால் பார்த்ததை மட்டுமே எழுதுவேன் என்பது பிடிவாதம். ஆகவே, பெட்டியோடு இறங்கிவிட்டார்.

வீட்டுக்கு ஆட்டோ முப்பது ரூபாய். ஓட்டுநர் கண்ணாடியில் சாலையைவிட அவரைத்தான் அதிகம் பார்த்தார்.

“எந்த நாடுண்ணே?”

“எத்தியோப்பியா.”

“கிரிக்கெட் ஆடுவாங்களா?”

“இல்ல. ஓடுவாங்க. தூர ஓட்டத்துல அவங்களை அடிச்சுக்க ஆளில்ல.”

சிறிது யோசித்தார். “ஏண்ணே, அங்க ஆட்டோ கெடையாதா?”

*

அன்று காலை ஒன்பது மணிக்கு மலைக்கோட்டை. நுழைவுக் கட்டணம் இந்தியருக்கு ஐந்து ரூபாய், வெளிநாட்டவருக்கு நூறு. ஆக்சுமில் ஐந்து வருஷம் வெளிநாட்டவர் கட்டணம் கட்டியவன் என்ற முறையில் எனக்கு ஓர் அற்பத் திருப்தி. பாறையில் வெட்டிய படிகள் அகலமானவை, யானை ஏறுவதற்காக என்பார்கள். யானைக்கு வசதியாக இருந்திருக்கலாம். எனக்குப் பாதியிலேயே மூச்சு வாங்கிற்று.

“இதில் எத்தனை முறை ஏறியிருக்கிறீர்கள்?” என்றார்.

“இதுதான் முதல்.”

“பிறந்த ஊர் என்றீர்களே?”

“அதனால்தான்.”

உச்சியில் நின்று எனக்குத் தெரிந்ததை ஒப்பித்தேன். நாயக்கர்கள் தொடங்கினார்கள், ஹைதர் அலி பிடித்தார், திப்பு ஆண்டார், வெள்ளைக்காரன் பறித்துக்கொண்டான். “தொடங்கியது எப்போது?” என்றார். பதினேழாம் நூற்றாண்டு என்றேன். பக்கத்து வீட்டுக் குழந்தை தவழ ஆரம்பித்திருக்கிறது என்றால் எப்படித் தலையசைப்போமோ அப்படி அசைத்தார். “எங்கள் ஊரில் அந்த வயசுக் கட்டடத்தைப் புது வீடு என்போம்.”

கீழே சமவெளி வெளுத்துக் கிடந்தது. மேற்கே பழனி மலைத்தொடர், தென்கிழக்கே சிறுமலை. இரண்டுக்கும் நடுவே தென்னந்தோப்புகளும், கட்டம் கட்டமாகக் காய்ந்த நிலமும், அவற்றினூடே கரும்புள்ளிகளும். அவை என்ன என்று கேட்டார். கிணறுகள் என்றேன். செத்த நேரம் பார்த்துவிட்டு, “ஒன்றுகூட மின்னவில்லையே” என்றார். மூன்றாவது வருஷமாக மழை ஏமாற்றியிருந்தது. கோட்டையைப் பற்றி நான் சொன்ன எதையும் அவர் திருப்பிக் கேட்கவில்லை. கிணறுகள் எத்தனை ஆழம் என்று மட்டும் இறங்கும் வழியில் இரண்டு முறை கேட்டார்.

பகல் ஒரு மணி, பேகம்பூர். ஹைதர் அலி குடும்பத்துப் பேகம் ஒருவர் அடக்கமான இடம், அதனால் இந்தப் பெயர் என்பார்கள். பள்ளிவாசலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு சின்னக் கடை. மட்டன் பிரியாணி நாற்பது ரூபாய். கடைக்காரர் இலையைப் போட்டுக்கொண்டே கேட்டார்:

“சாரு பேரு என்னண்ணே?”

“தெஸ்ஃபாய்.”

“பாயா? அட, நம்மாளு. நல்லாச் சாய்ஞ்சு உக்காருங்க பாய்.”

பிரியாணி வந்தது. தெஸ்ஃபாய் குனிந்து என் காதில் கேட்டார்: “ஆட்டை அறுத்தது யார்?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர்கள் நாட்டில் கிறிஸ்தவர் அறுத்ததை முஸ்லிம் தின்னமாட்டார், முஸ்லிம் அறுத்ததைக் கிறிஸ்தவர் தொடமாட்டார். யாருக்கும் யார்மேலும் கோபம் கிடையாது, கடை இரண்டு, அவ்வளவுதான். ஐந்து வருஷமாக எனக்குத் தெரிந்த விஷயம். திண்டுக்கல்லில் அது ஞாபகத்துக்கு வரவில்லை. இங்கே பிரியாணிக்கு மதம் கிடையாது. ஆக, பிரியாணிக்குப் பேர்போன ஊரில் என் விருந்தாளி தயிர் வெங்காயமும் இரண்டு வாழைப்பழமும் சாப்பிட்டு எழுந்தார். மறுக்க நேர்ந்த வருத்தம் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

“ஏண்ணே, காரமா?” என்று கடைக்காரர் பதறினார்.

“வயிறு சரியில்லைங்க” என்றேன், அவர் சார்பில்.

உள்ளே போய்ச் சுக்கு தட்டிப்போட்ட தேநீர் கொண்டுவந்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. “வயித்துக்கு நல்லது பாய். அல்லா பரக்கத் செய்வான், போயிட்டு வாங்க.”

தெருவில் இறங்கியதும் தெஸ்ஃபாய் கேட்டார்: “பரக்கத் என்றாரா? எங்களிடமும் அந்தச் சொல் இருக்கிறது. மூன்றாவது காபிக்கு அதுதான் பெயர். பெரெக்கா.”

அவர்கள் காபியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். விருந்தாளி வந்தபிறகுதான் பச்சைக் கொட்டையை எடுப்பார்கள். கழுவி, வறுத்து, புகையை ஒவ்வொருவர் மூக்குக்கும் காட்டி, இடித்து, மண்கூஜாவில் கொதிக்கவைத்துத் தருவார்கள். அதே தூளில் தண்ணீர் விட்டு இரண்டாவது, பிறகு மூன்றாவது. மூன்றாவதுதான் ஆசீர்வாதம். மொத்தத்தில் அரைநாள் வேலை.

“மூன்றாவதற்கு முன்னால் எழுந்து போனால் என்ன ஆகும்?” என்றேன்.

“யாரும் போனதில்லை. அதனால் தெரியாது.”

*

செவ்வாய்க்கிழமை காலை எட்டே முக்கால், நத்தம் சாலைப் பேருந்து. சாணார்பட்டி பதினைந்து கிலோமீட்டர், டிக்கெட் ஐந்து ரூபாய். வலதுபுறம் சிறுமலை கூடவே வந்தது. அங்கிருந்து மினி பஸ், இரண்டு ரூபாய். ஊர்ப் பெயர்களும் தூரமும் கட்டணமும் பிசகாமல் எழுதுவதுதான் பயணக் கட்டுரைக்கு இலக்கணம் என்று தெரியும். இருந்தாலும் அந்த மினி பஸ்ஸில் நாங்கள் இறங்கிய ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. காரணம் போகப்போகத் தெரியும்.

பூ மார்க்கெட்டிலிருந்து காலிக் கூடையோடு திரும்பிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் தெஸ்ஃபாயை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: “தண்ணி பாக்குறவரா?”

“இல்லம்மா. வரலாறு.”

“அதுல தண்ணி வருமா?”

வராது என்று ஒப்புக்கொண்டேன். அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பத்து மணிக்குச் சவரிமுத்து வீடு. முதல்நாள் பலசரக்குக் கடைத் தொலைபேசியில் சொல்லிவைத்திருந்ததால் வாசல் தெளித்துக் காத்திருந்தார்கள். சவரி கருத்து மெலிந்த ஆள், அதிகம் பேசமாட்டான். அவனுக்கும் சேர்த்துப் பேசுவது அவன் மனைவி ஆரோக்கியம்.

“வாங்கண்ணே. வாங்க சார். அக்காவ ஏன் கூட்டியாரல? மொத மொத சீமைக்காரரக் கூட்டியாந்திருக்கீங்க, வெயில்ல நிக்கவச்சுப் பேசுறேன் பாருங்க. ஏங்க, எளநி எங்க?”

ஆளுக்கு இரண்டு இளநீர். இரண்டாவதை வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் தெஸ்ஃபாய் குடித்து முடித்திருந்தார்.

“கெணத்த ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துருவமா மாப்ள?” என்றேன்.

“பாக்கலாம் மச்சான்” என்றான் சவரி, மனைவியைப் பார்த்துக்கொண்டு.

“எங்க ஓடிப்போகப் போகுதுண்ணே? காபி கலக்கிட்டேன், குடிச்சிட்டுப் போலாம்” என்றாள் அவள்.

பத்தரைக்குக் காபி. எழுந்தோம். பணியாரச் சட்டி அடுப்பில் இருந்தது. வெந்த பிறகு போகலாம் என்றாள். பதினொன்றேகாலுக்குப் பணியாரம், அதோடு இன்னொரு காபி. எழுந்தோம். கொல்லையில் ஒரு சேவலின் கடைசிக் குரல் கேட்டது. அடித்த கோழியை விட்டுவிட்டு வெயிலில் இறங்கினால் வீட்டுக்காரர்களை அவமதிப்பதாகும். உட்கார்ந்தோம். நான் உள்ளூரப் பெருமிதத்தில் இருந்தேன். இதுவல்லவோ விருந்தோம்பல், ஆக்சும்காரர் பார்க்கட்டும்.

பன்னிரண்டரைக்கு இலை. தெஸ்ஃபாய் வழக்கமான கேள்வியைக் கேட்டார்: “அறுத்தது யார்?”

“இந்த அம்மாள்தான்.”

“கிறிஸ்தவரா?”

“ஞானஸ்நானம் பெற்றவர். கோயிலில் பாட்டே அவர்தான் எடுத்துக்கொடுப்பார்.”

அவருக்குத் தப்பிக்க வழியில்லாமல் போயிற்று. நாட்டுக்கோழிக் குழம்பு, வறுவல், முட்டை, ரசம், நடுவில் காய்கறி வெஞ்சனம் மூன்று வகை. இலையில் எது தீர்கிறதோ அது நிரம்பியது. தெஸ்ஃபாய் மீதம் வைக்காதவர். ஆரோக்கியம் வெற்று இலையைப் பார்க்கச் சகியாதவள். நடுவில் மாட்டிக்கொண்ட நான் என்னால் முடிந்த மட்டும் மொழிபெயர்த்தேன்.

“சார் ஒண்ணுமே சாப்பிடலையே. சமையல் பிடிக்கலையான்னு கேளுங்கண்ணே.”

“இன்னும் போட்டால் செத்துவிடுவேன் என்று சொல்லுங்கள்.”

“பிரமாதமா இருக்காம்” என்றேன்.

இன்னொரு கரண்டி விழுந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு வேப்பமரத்தடியில் இரண்டு கயிற்றுக் கட்டில்கள். “செத்த நேரம் கண்ணசந்துட்டு, வெயில் தாழப் போய்ப் பாருங்க. நாங்க என்ன வேணாம்னா சொல்றோம்?” வரலாறு என்னை மன்னிக்கட்டும். உடனே தூங்கிப்போனேன்.

கண் விழித்தபோது மணி மூன்றேகால். ஊருக்குத் திரும்பும் கடைசி மினி பஸ் நாலு நாற்பதுக்கு. பக்கத்துக் கட்டிலில் தெஸ்ஃபாய் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் தூங்கவே இல்லை.

“நீங்கள் தூங்கியபோது மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் நாலு பேர் கடப்பாரையோடு போனார்கள், நாலு பேர் வந்தார்கள். வந்தவர்கள் காலில் ஈரச் சேறு.”

“அதனால் என்ன?”

“ஒரு கதை சொல்கிறேன்” என்றார். “என் அப்பா இறந்த வருஷம், எங்கள் நிலத்தை அளக்க ஓர் அதிகாரி வந்தார். அன்றைக்கு அளந்தால் பாதி போய்விடும். அம்மா அவரை வரவேற்று உட்காரவைத்துக் காபிக்கொட்டையை எடுத்தாள். அவ்வளவு நிதானமாக யாரும் வறுத்து நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு கொட்டையாகத் திருப்பினாள். இரண்டாவது காபிக்குள் வெயில் சாய்ந்துவிட்டது. மூன்றாவதற்கு முன் அவரால் எழுந்திருக்க முடியாது, அவரும் நல்ல குடும்பத்துப் பிள்ளை. குடித்து முடித்தபோது இருட்டு. இருட்டில் அளவுச் சங்கிலி பிடிக்க முடியுமா? போய்விட்டார். மறுவாரம் எங்கள் மாமா வேண்டிய கையெழுத்தோடு வந்து சேர்ந்துவிட்டார்.”

கொட்டகைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

“காலையில் பணியாரச் சட்டியை அடுப்பில் வைத்தபோதே சந்தேகம். கோழியின்போது உறுதியாகிவிட்டது. நம்மை இந்த வீட்டில் யாருக்கும் பிடிக்காமல் இல்லை. நாம் கிணற்றைப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான்.”

என் சொந்த மைத்துனன் வீட்டில், என் சொந்த மொழியில், என் கண்ணெதிரே நடந்ததை எனக்கு மொழிபெயர்த்துச் சொல்ல ஆக்சுமிலிருந்து ஆள் வரவேண்டியிருந்தது.

அந்த நேரத்தில் ஆரோக்கியம் தட்டில் காபியோடு வந்தாள். பின்னால் சவரி. தெஸ்ஃபாய் தட்டைப் பார்த்து, “மூன்றாவது” என்றார் எனக்கு மட்டும் கேட்கும்படி.

“ஆரோக்கியம், இவரு உன்னையக் கண்டுபிடிச்சுட்டாரு” என்று அவர் அம்மா கதையை அப்படியே சொன்னேன். சவரி தரையைப் பார்த்தான். ஆரோக்கியம் என்னைப் பார்த்தாள், பிறகு தெஸ்ஃபாயை நன்றாகப் பார்த்தாள். தட்டைக் கட்டில்மேல் வைத்தாள்.

“ஆமாண்ணே. மறைக்கத்தான் செஞ்சேன். கோழி அடிச்சது உங்களுக்காக. நேரத்த இழுத்தது கெணத்துக்காக. ரெண்டையும் ஒண்ணாக் கொழப்பிக்காதீங்க.”

“பாத்தா என்ன தாயி?”

“பழைய கெணறு வத்தி ஒரு வருசமாச்சு. போர் போட்டம், புழுதிதான் பறந்துச்சு. தேங்கா வச்சுத் தண்ணி பாக்குறவரு வந்து உள்ளங்கையில வச்சு நடந்தாரு. இந்த எடத்துல வந்துதான் தேங்கா நட்டமா நின்னுச்சு. ஒரு ஆள் மட்டம் தோண்டல, பானையா வருது. வேற எடம் தோண்டுன்னு சொல்லிட்டுப் போறதுக்கு எங்களுக்கு எம்புட்டு எடம் இருக்கு?” மூச்சு வாங்கிக்கொண்டாள். “இது வெளிய தெரிஞ்சா ஆபீசுல இருந்து வந்து வேலிய அடிச்சுருவாங்களாம். எங்கயோ ஒரு ஊர்ல அப்படிப் போட்டு, உள்ள போகவே விடலையாம்.”

“எந்த ஊரு?”

“யாருக்குத் தெரியும், சொல்றாங்க. நீங்க வாத்தியாரு, பாத்தா எழுதுவீங்க. அது உங்க பொழப்பு. எங்க பொழப்பு மல்லி. இன்னும் பத்து நாளு தண்ணி காட்டலேன்னா வேரோட போயிரும். நேத்துத்தான் அடியில ஈரம் தட்டியிருக்கு. இன்னைக்குன்னு வந்து நிக்கிறீங்க.”

“இவ சொல்றதக் கேட்டுருக்கக் கூடாது மச்சான், மொதல்லயே சொல்லியிருக்கணும்” என்றான் சவரி.

“சொல்லியிருந்தா அண்ணன் பேசிப் பேசியே பாக்கப் போயிருப்பாரு” என்றாள். சரியான கணிப்பு.

எல்லாவற்றையும் தெஸ்ஃபாய்க்குச் சொன்னேன். அவர் காபியை எடுத்து, அவசரப்படாமல், அடிவண்டல் தெரியும்வரை குடித்தார். கோப்பையைக் கவிழ்த்து வைத்தார்.

“என் அம்மாவின் நிலம் இன்றைக்கும் எங்களிடம் முழுசாக இருக்கிறது என்று சொல்லுங்கள். நேரமாகிவிட்டது, பஸ்ஸுக்குப் போகலாம் என்றும் சொல்லுங்கள்.”

சொன்னேன். ஆரோக்கியம் கவிழ்ந்த கோப்பையைப் பார்த்தாள். பிறகு காலையிலிருந்து முதல்முறையாகச் சிரித்தாள்.

“அவங்க அம்மா கெட்டிக்காரிதான். ஏங்க, மட்டையத் தூக்கச் சொல்லுங்க. வாங்க சார், பாத்துட்டே போங்க.”

கொட்டகைக்குப் பின்னால் தென்னமட்டைகளை விலக்கினார்கள். அகலமான குழி. வெயில் உள்ளே சாய்வாக விழுந்தது. ஓர் ஆள் ஆழத்தில், குழியின் சுவரில், வெட்டுப்பட்ட தாழிகள். கத்தியால் அரிந்த பழம்போல் தடித்த சிவப்பு விளிம்பும் உள்ளே இருண்ட வெறுமையும் தெரிந்தன. நாலின் வடிவம் முழுசாகத் தெரிந்தது, இரண்டின் வடிவம் பாதியாக. குழிமேட்டில் உடைந்த கிண்ணங்கள், உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு. நான் ஐந்து வருஷம் ஆக்சுமில் அளந்துகொண்டிருந்த பெருமை இதோ கண்முன்னால் இருந்தது. ஆச்சரியம் என்னவென்றால் முகவரியும் இருந்தது.

“எலும்பு இருந்துச்சா?”

“இருந்துச்சு மச்சான். குப்பையோட அள்ளிப்போட மனசு வரல.” தோட்டத்து மூலைக்குக் கூட்டிப்போனான். சின்ன மண்மேடு. மேலே இரண்டு வேப்பங்குச்சிகளைக் கட்டிச் செய்த சிலுவை. பக்கத்தில் கற்பூரம் எரிந்த கரி, கொஞ்சம் மஞ்சள்.

“உபதேசியார் வந்து செபம் சொன்னாரு. யாரு எவருன்னு தெரியாதுல்ல? ‘ஒருவேள எங்க ஆளா இருந்தா?’ன்னு பக்கத்துத் தோட்டத்துப் பெருமாள் வந்து சூடம் பொருத்தி மஞ்சத் தண்ணி தெளிச்சாரு. ரெண்டு வகையிலயும் செஞ்சாச்சு.”

இயேசு பிறப்பதற்கு முன்பே செத்துப்போனவராக இருக்கும் என்று என் படிப்பு சொல்லிற்று. பெருமாளுடைய சாமிகளையும் அவர் அறிந்திருப்பார் என்று சொல்ல முடியாது. இந்தக் காலப்பிழையைச் சுட்டிக்காட்ட வாயைத் திறந்தேன். அதற்குள் தெஸ்ஃபாய் செருப்பைக் கழற்றிவிட்டு, சால்வையைச் சரிசெய்து, தலை குனிந்து மூன்று முறை சிலுவை போட்டுக்கொண்டார். ஆரோக்கியமும் போட்டுக்கொண்டாள். திறந்த வாயை என்ன செய்வதென்று தெரியாமல் நானும் போட்டுக்கொண்டேன்.

திரும்பும்போது அவர் மீண்டும் குழி விளிம்பில் நின்றார். தோளில் தொங்கிய கேமராவைத் தொடவில்லை. தாழிகளை ஒருமுறை வரிசையாகப் பார்த்துவிட்டு, அடியில் வேலைசெய்துகொண்டிருந்த ஆட்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் காலை எடுத்து வைத்த இடத்தில் தடம் பதிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தத் தடத்தில் தண்ணீர் ஊறி நிரம்பிற்று.

“மின்னுகிறது” என்றார்.

*

நாலு நாற்பது மினி பஸ் நாலு ஐம்பதுக்கு வந்தது. ஆரோக்கியம் கட்டிக்கொடுத்த பணியாரப் பொட்டலம் தெஸ்ஃபாய் மடியில் இருந்தது. சாணார்பட்டியில் இறங்கி நத்தம் சாலைப் பேருந்துக்கு நின்றோம்.

“கண்ணால் பார்த்ததை மட்டுமே எழுதுவேன் என்பீர்களே” என்று ஆரம்பித்தேன்.

“ஆமாம். ஆனால் பார்த்ததையெல்லாம் எழுதுவேன் என்று சொன்னதில்லை.”

தொல்லியல் துறைக்குத் தகவல் சொல்ல வேண்டியவன் நான்தான். சட்டமும் அதைத்தான் சொல்லும். வகுப்பில் ஒரு மாணவன் கேட்டால் நானும் அதையேதான் சொல்வேன், கரும்பலகையில் எழுதிக்கூடப் போடுவேன். ஆனால் அன்று மாலை என் வயிற்றில் அந்த வீட்டுச் சேவல் இருந்தது. மூன்று காபியும் குடித்தாகிவிட்டது. எழுந்து போய் மனுக் கொடுக்க முடியாத நிலை.

மறுநாள் புதன்கிழமை, அவர்களுக்கு விரத நாள். என் மனைவி செய்த இட்லியைத் தெஸ்ஃபாய் தொடவில்லை. அவளுக்கு வருத்தம். முந்தின நாள் சாப்பாட்டுக்குப் பிறகு அது விரதமல்ல, வைத்தியம் என்று விளக்கினேன். ரயிலடியில் விடைபெறும்போது அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: “தண்ணீர் வந்ததும் எனக்குச் சொல்வீர்களா?”

வந்தது. செப்டம்பரில் நான் ஆக்சும் திரும்பிய இரண்டாவது வாரம் மனைவி தொலைபேசியில் சொன்னாள், மற்ற செய்திகளுக்கு நடுவே: “சவரி கெணத்துல நல்ல தண்ணியாம். உப்புக்கூட இல்லியாம். மல்லி துளுத்துருச்சு.” விசாகப்பட்டினத்துக்குத் தகவல் அனுப்பினேன். தெஸ்ஃபாய் வேறு தலைப்பு எடுத்துக்கொண்டுவிட்டார். துறைமுகங்களைப் பற்றி என்று கேள்வி.

அந்த வருஷத்துப் புது மாணவர்களை வழக்கம்போலத் தூண்களைப் பார்க்கக் கூட்டிப்போனேன். கிடக்கிற தூண், நிற்கிற தூண், ரோமுக்குப் போன தூண் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் முன்வரிசைப் பெண் ஒருத்தி கேட்டாள்: “உங்கள் ஊரில் இருப்பவற்றிலேயே பழையது எது, சார்?”

“ஒரு கிணறு” என்றேன்.

“எத்தனை வருஷம் இருக்கும்?”

“போன ஜூலையில் வெட்டியது.”

எல்லோரும் சிரித்தார்கள். வரலாற்று ஆசிரியருக்கு வருஷக் கணக்கு வராது என்று கல்லூரி முழுக்க இன்னும் பேச்சு. நான் திருத்தவில்லை.